பாட்டுக்கு ஒரு பூட்டு

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை வந்தது. அப்போதும் பாட்டு நிற்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் கசெற் ஓடியது. டைனமோவில் வருவது ஆடலோட்டம். டயோட்டுகளைப் பொருத்தி அதை நேரோட்டமாக்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டுக் கசெற் பல வீடுகளுக்கு இரவல் போனது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய அந்தக் கசெற்றில் ஒரு பூட்டு உண்டு. அதன் முதுகு விளிம்பில், இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்ரிக் நாக்குகளைப் பாருங்கள். நாக்கை உடைத்துவிட்டால், பதிவுப் பொத்தான் அமுங்காது; உள்ளே இருக்கும் பாட்டு தவறியும் அழியாது. அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செலோரேப் ஒட்டினால், மறுபடி பதியலாம். அந்தப் பூட்டின் திறப்பு, கசெற் வைத்திருப்பவர் கையிலேயே இருந்தது.

கசெற்றைப் பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும். டிஜிட்டல் கோப்பிலோ நூறாவது பிரதியும் மூலத்தைப் போலவே ஒலிக்கும். விற்பவர்கள் அஞ்சியது இதற்குத்தான். 2003 இல் அப்பிள் தொடங்கிய ஐரியூன்ஸ் கடையில் பாட்டுகள் மறைகுறியாக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. அவற்றை விடுவிக்கும் திறப்பு, வாங்கியவரின் கணக்கோடு பிணைந்திருந்தது. கோப்பை நண்பருக்கு அனுப்பலாம். திறப்பு இல்லாத அவருடைய கணினியில் அது பாடாது. ஆனால் அதே பாட்டை ஓடியோ சீடியில் எழுத அப்பிள் அனுமதித்தது. சீடியில் பூட்டு இல்லை. 2009 இல் விற்கும் பாட்டுகளிலிருந்தே பூட்டை எடுத்துவிட்டது.

இன்று அந்தப் பூட்டு சந்தாச் செயலிகளில் இருக்கிறது. தரவிறக்கி வைத்த பாட்டும் சந்தா நின்றால் திறக்காது.

பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய காசு போய்ச் சேரத்தான் வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவர்களின் உரிமையைக் காக்கிறது. அதற்காக, காசு கொடுத்து வாங்கிய பாட்டை நண்பருக்கு இரவல் கொடுக்கும் வழக்கம் அற்றுப்போக வேண்டியதில்லை. பிடித்த பாட்டை வாங்கும்போது, சீடி கிடைத்தால் சீடியாக வாங்குங்கள். இல்லையேல் பூட்டில்லாத கோப்பாக வாங்குங்கள். சீடியை அப்படியே நண்பர் கையில் கொடுக்கலாம். கோப்பென்றால் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டலாம். அவருக்குப் பிடித்துவிட்டால், அந்தப் பாடகருக்கு இன்னொரு பிரதி விற்கும்.