ஒரு புள்ளி விட்டால் 10, 27 ஆகும்

எக்ஸ் வர்க்கம், கூட்டல் 1. எக்ஸுக்கு 3 என்று போட்டால் விடை 10. இதையே பிரெய்லில் எழுதும்போது அடுக்கு முடிந்ததைக் காட்டும் ஒரேயொரு புள்ளி விட்டுப்போனால், பின்னால் வரும் 1-உம் அடுக்கில் ஏறிக்கொள்ளும். விடை 27!

அச்சில் இந்தச் சிக்கல் இல்லை. எது மேலே நிற்கிறது, எது கீழே இருக்கிறது என்று கண்ணே பார்த்துக்கொள்கிறது. விரல் தடவிப் படிப்பதோ ஒற்றை வரி. அடுக்கு ஏறியது, இறங்கியது, பின்னம் தொடங்கியது, முடிந்தது என எல்லாவற்றையும் குறி போட்டுச் சொல்ல வேண்டும். கையில் இருப்பது ஆறு புள்ளிகள், 63 வடிவங்கள். அதனால் ஒரே வடிவம் ஓரிடத்தில் எண்ணின் தொடக்கம், இன்னோரிடத்தில் பின்னத்தின் முடிவு.

கணிதத்துக்கான இந்தக் குறி முறையை வகுத்தவர் அமெரிக்கரான ஆபிரகாம் நெமத். பிறவியிலேயே பார்வையற்றவர். கணிதம் சரிப்படாது என்று உளவியல் பக்கம் திருப்பிவிடப்பட்டு, பின்னாளில் கணிதப் பேராசிரியரானவர். 1952-ல் வெளிவந்த அவருடைய குறியீடு 1972-ல் திருத்தம் பெற்றது.

சென்னைக்கு பிரெய்ல் புதிதல்ல. அடையாறில் பார்வையற்றோரும் படிக்கும் செயின்ட் லூயிஸ் பள்ளி, திருவான்மியூரில் வித்யா விருக்ஷா அமைப்பு, பூந்தமல்லியில் பிரெய்ல் அச்சகம் என்று ஒரு மரபே உண்டு. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கல்யாண கிருஷ்ணன் குழு உருவாக்கிய மென்பொருள், தட்டச்சு செய்த தமிழை பிரெய்லாக மாற்றித் தந்தது. கதையும் வரலாறும் என்றால் கணினி பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். சமன்பாடு படமாக ஒட்டப்பட்டிருந்தால் அது விழிக்கும். வர்க்கமூலக் குறி எதுவரை நீள்கிறது என்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்து அடிக்க வேண்டும். வேதியியலிலும் அப்படித்தான்: கோபால்ட்டுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் நடுவே இருப்பது, பெரிய எழுத்தைக் காட்டும் ஒரு புள்ளி.

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டவும், அவர்கள் சொல்வதைத் தேர்வில் ஸ்க்ரைபாக எழுதவும் மனமுவந்து வருபவர்களும் உண்டு. ஆனால் ஸ்க்ரைபின் உதவி தேர்வு முடியும்வரைதான். நான்காவது வரியில் கழித்தல் குறி மாறிவிட்டதா என்று மாணவர் தானே திரும்பிப் பார்க்க, கணக்கு அவர் விரலுக்கு அடியில் இருந்தாக வேண்டும்.

அந்த வாத்தியார்கள் நெமத் குறியீட்டைக் கற்கலாம். முதலில் சாதாரண பிரெய்ல், அதன் பிறகே கணிதம். கணித பிரெய்லுக்கான அமெரிக்கச் சான்றிதழுக்கும் இதுவே வரிசை. விரல் பழக வேண்டியதில்லை, புள்ளிகளைக் கண்ணால் பார்த்தே கற்கலாம். பிழை பார்க்க மட்டும் பிரெய்ல் படிக்கும் ஒருவர் உடனிருந்தால் நல்லது. இப்படி ஒரு பாடப்புத்தகத்தைக் கோப்பாக்கிவிட்டால், பாடத்திட்டம் மாறும்வரை அதைத் தேவைப்படும் ஒவ்வொரு மாணவருக்கும் அச்சிட்டுத் தரலாம்.