உழைப்பும் உடல் எடையும்: குடலில் வாழும் துணைவர்கள்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து நெசவாளர் குழித்தறியில் அமர்ந்தால், மாலை வரை கால் மிதியை மிதிக்கும். கை நாடாவை ஓட்டும். தோட்டத்தில் களையெடுத்து நீர் பாய்ச்சும் விவசாயியின் உழைப்பும் அத்தகையதே. அவர்களுள் ஒருவர் தறியையோ மண்வெட்டியையோ விட்டுக் கடையில் அமர்ந்தால், சில ஆண்டுகளில் உடல் பருத்துவிடுவதுண்டு. பின்னர் அவர் நாள்தோறும் நடந்தும் எடை குறையாதபோது, "சோம்பல்" என்று சுற்றத்தார் பழிக்கின்றனர். அப்பழி எப்போதும் பொருந்துமா?

வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றின் தொழிலாளர்களை ஆராய்ந்து, 1956-ஆம் ஆண்டில் ஜீன் மேயர் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவர்களும் ஓர் அறிக்கை வெளியிட்டனர். உழைப்போரிடையே வேலை மிகுந்தால் உணவும் மிகுந்தது, எடை மாறவில்லை. நாள் முழுதும் உட்கார்ந்திருந்தவர்களோ வேலை குறைந்தும் உணவைக் குறைக்கவில்லை. அவர்தம் எடையே மிகுதியாக இருந்தது. உழைப்பு பசியையும் நெறிப்படுத்துகிறது என்பது இதனால் விளங்கிற்று.

ஆயினும் உடல்கள் யாவும் ஒன்றுபோல் நடப்பதில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்று நம் குடலில் உள்ளது. அங்கு கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளை அவை நொதிக்கச் செய்து, உடலுக்கு உதவும் கொழுப்பமிலங்களை ஆக்கித் தருகின்றன.

2013-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், ஒருவர் பருத்தும் ஒருவர் மெலிந்தும் இருந்த இரட்டையரின் குடல் நுண்ணுயிர்களை எலிகளுக்குச் செலுத்தினர். பருத்தவரின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளிடம் கொழுப்பு மிகுந்தது. இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் வளர்த்தபோது, மெலிந்தவரின் நுண்ணுயிர்கள் மற்றவற்றிடமும் குடியேறிக் கொழுப்பைத் தடுத்தன. நார் மிகுந்து கொழுப்புக் குறைந்த உணவு அளித்தபோதே இப்பயன் கிட்டிற்று.

மனிதரிடம் உடற்பயிற்சி செய்வது என்ன? இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் உட்கார்ந்தே வாழும் 32 பேரை, உணவை மாற்றாமல், வாரம் மூன்று நாள் வீதம் ஆறு வாரம் பயிற்சி செய்வித்தனர். 2018-இல் அச்சேறிய அவ்வாய்வின்படி, மெலிந்தவர்களிடம் குடற்சுவருக்கு ஊட்டமளிக்கும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலம் உயர்ந்தது. பருத்தவர்களிடம் அத்துணை உயர்வு தோன்றவில்லை. பயிற்சியை நிறுத்திய ஆறு வாரத்தில் அம்மாற்றங்கள் பெரும்பாலும் மறைந்தன.

ஆகவே, ஒரே தொலைவு நடக்கும் இருவர் ஒரே பயனைப் பெறாமல் போகலாம். அதுகொண்டு ஒருவரைப் பழிப்பதும், அவர் மனந்தளர்ந்து நடையை நிறுத்துவதும் தகா. எடை குறையாவிடினும் நடை இதயத்திற்கும் இரத்தத்திற்கும் நன்மை தரும்.

உறுப்பினர்கள் செய்யத்தக்கது எளியது. தறியிலும் வயலிலும் உழைப்பு குறைந்தவர்கள் நாள்தோறும் நடத்தல் வேண்டும், இடைவிடலாகாது. கம்பு, கேழ்வரகு, பயறு, கீரை ஆகியவை இலையில் இடம்பெறல் வேண்டும். பால்கோவா விழா நாளுக்கு உரியதாகட்டும். பாவு மட்டும் இருந்தால் துணி ஆகாது, ஊடையும் வேண்டும். அதுபோல் உழைப்போடு உணவும் இசைந்தாலே உடல் நலம் பெறும்.