கொழுந்து நிறுவையும் பதின்மப் புள்ளியும்

இலங்கையின் ஊவா மலைத்தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் வேளை கணக்கு நடக்கும் வேளையுமாகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளை, பசறை, அப்புத்தளைச் சரிவுகளில் வீசும் வறண்ட காற்று, தேயிலைக்கு உலகறிந்த மணத்தை ஊட்டுகிறது. அதே வறட்சியில் தளிர் குன்றுகிறது. கூடை எளிதில் நிரம்புவதில்லை. அந்நாள்களில் அரைக் கிலோவும் பெரிதே.

தராசு ஒருவருக்கு 8.5 எனவும் மற்றவருக்கு 8.25 எனவும் காட்டுகிறது என்க. எவர் கொழுந்து மிகுதி? இருபத்தைந்து ஐந்தினும் பெரிதன்றோ என்று மயங்குவோர் பலர். புள்ளிக்கு வலப்புறம் உள்ளவற்றை முழு எண்ணாகப் படிப்பதே இம்மயக்கத்தின் வேர். முதலிடம் பத்தில் ஒன்றுகளையும் அடுத்த இடம் நூறில் ஒன்றுகளையும் குறிக்கும். 8.5 இல் பத்தில் ஒன்று ஐந்து, 8.25 இல் இரண்டே. ஆகவே முன்னதே மிகுதி, அதுவும் 250 கிராம் மிகுதி. ஒப்பீடு எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

1585 இல் பிளெமிய அறிஞர் சைமன் ஸ்டெவின் பதின்மங்களை விளக்கிச் சிறுநூலொன்று வெளியிட்டார். வானியலாளர், நிலம் அளப்போர், துணி அளப்போர், வணிகர் ஆகியோரை விளித்தே அதனை எழுதினார். நாணயமும் அளவைகளும் பத்துப்பத்தாகவே பகுக்கப்படவேண்டும் என்றும் வேண்டினார். இலங்கையில் 1872 இல் ரூபாய் நூறு சதமாயிற்று. இந்தியாவிலோ 1957 வரை நான்கு பைசா ஓரணா, பதினாறு அணா ஒரு ரூபாய். அங்கே பைசாவைக் கூட்டுகையில் நான்கிலும் அணாவைக் கூட்டுகையில் பதினாறிலும் மிகுதியை மேலேற்றவேண்டியிருந்தது. பதின்மத்திலோ எவ்விடத்தும் பத்தே. இந்த எளிமையை மாபெரும் விடுதலை என்றே கருதுகிறேன்.

காலையில் 8.5, நண்பகலில் 7.25, மாலையில் 6.05 கிலோ பறித்தவரின் மொத்தம் என்ன? புள்ளியின்கீழ்ப் புள்ளி நிற்குமாறு எழுதி, 8.5 ஐ 8.50 ஆக்கிக்கொண்டால், நூறாமிடத்தில் ஐந்தும் ஐந்தும் பத்து; சுழியம் இட்டு ஒன்றை மேலேற்றுகிறோம். பத்தாமிடத்தில் ஐந்தும் இரண்டும் ஏறிய ஒன்றும் எட்டு. விடை 21.80. புள்ளியைப் பாராது வலது ஓரத்தை ஒட்டிக் கூட்டினாலோ 85, 725, 605 சேர்ந்து 1415 ஆகி, ஏட்டில் 14.15 என்றே பதிவாகும். ஏழரைக் கிலோவுக்கு மேல் எழுத்திலேயே மறைந்துபோகும்!

இனிக் கழித்தல். சாக்குக்கும் ஈரத்துக்கும் 1.75 கழிக்கப்படுகிறது எனக் கொள்வோம். 21.80 இன் நூறாமிடத்தில் ஐந்தைக் கழிக்க ஒன்றுமில்லை. பத்தாமிடத்திலிருந்து ஒன்றைக் கடன்கொண்டால் அது இங்கே பத்தாகும். பத்துக்கு ஐந்து போக ஐந்து. எஞ்சிய ஏழுக்கு ஏழு போகச் சுழியம். 21 க்கு ஒன்று போக 20. விடை 20.05. நடுவில் நிற்கும் சுழியத்தை விட்டு 20.5 என எழுதினால் 450 கிராம் கூடிவிடும். தோட்டத்துக்கு அது இழப்பு. முழுப்பேருக்கு, அதாவது முழு நாட்கூலிக்கு, 20 கிலோ வேண்டும் என்றால், 20.05 அவ்வெல்லையை 50 கிராமால் மட்டுமே கடக்கிறது. கழிவை 1.75 என்னாது 1.85 எனப் பதிந்திருந்தால் 19.95 ஆகி, முழுப்பேர் கைநழுவியிருக்கும். பத்தாமிடத்து ஓரிலக்க மாற்றமே இதற்குப் போதும். ஆதலால் மொத்தத்தோடு கழிவையும் இரண்டு பதின்ம இடங்களுடன் எழுதி, பறித்தவருக்குப் படித்துக் காட்டும் வழக்கம் ஒவ்வொரு தோட்டத்திலும் நிலைபெறவேண்டும்.