குஞ்சு வாய் திறந்து மூச்சு வாங்குகிறதா? உமியைக் கவனியுங்கள்!

குஞ்சு இறக்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. சில குஞ்சுகள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தீவனம் எடுக்காமல் ஒதுங்கி நிற்கும். அடுத்தடுத்து இறக்கும். சளி என்று நினைத்துத் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்தாலும் இறப்பு நிற்காது. இது 'புரூடர் நிமோனியா'வாக இருக்கலாம். அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்தால் வரும் இந்த நோயை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்ற சளி நோய்களில் மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் கேட்கும். இதில் பெரும்பாலும் சத்தம் இருக்காது. இறந்த குஞ்சைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் தினை அளவில் மஞ்சள் கலந்த வெள்ளைக் கட்டிகள் இருந்தால் இந்த நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எங்கிருந்து வருகிறது?

இது ஒரு குஞ்சிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதில்லை. பூசணம் பிடித்த ஆழ்கூளம், தீவனம், சுத்தமில்லாத பொரிப்பான் ஆகியவற்றிலிருந்து பூஞ்சண வித்துகளை மூச்சோடு இழுப்பதால்தான் வருகிறது. மழையில் நனைந்த உமியைக் காயவைத்துப் பரப்பும் வழக்கம் பலரிடம் உண்டு. வெயிலில் ஈரம் போகும், வித்துகள் போகாது. காய்ந்த பிறகு அவை தூசியோடு இன்னும் எளிதாகப் பறக்கும்.

தடுக்கும் வழிகள்

* நனையாத புது உமி அல்லது கடலைத் தோலை மட்டும் 2 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். பூசண வாடை அடித்தால் வேண்டாம்.
* தண்ணீர்க் குவளையைச் சுற்றி ஈரமான கூளத்தை அன்றன்றே அள்ளுங்கள்.
* தீவன மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். கட்டி பிடித்த தீவனம் கூடாது.
* நாட்டுக்கோழியை அடை வைக்கும்போது ஒவ்வொரு முறையும் புது வைக்கோல் போடுங்கள். விரிசல் விட்ட, அழுக்கான முட்டைகளைத் தவிருங்கள்.

வாசகர் கேள்வி: நோய் வந்துவிட்டது. மீதிக் குஞ்சுகளைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: நோய் முற்றிய குஞ்சு பிழைப்பது அரிது. மற்றவற்றை உடனே சுத்தமான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். பழைய கூளத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து, தூசி பறக்காமல் அள்ளி அப்புறப்படுத்துங்கள். அப்போது முகக்கவசம் அவசியம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலைக்குப் போக வேண்டாம். கொட்டகையைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த குஞ்சுகளை இறக்குங்கள்.