மன்னார் வளைகுடாவின் ஒப்பனை அறை

ராமேசுவரத்துக்கு ரயிலில் போகிறவர்கள் பாம்பன் பாலத்தில் ஜன்னலோரம் முண்டியடித்துக் கடலைப் பார்ப்பார்கள். அங்கே தெரிவது வெறும் மேடை! ஒப்பனை அறை தெற்கே, தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. வாங்க, சத்தம் போடாமல் எட்டிப் பார்த்துவிடலாம்.

மண்டபம் தொடங்கித் தூத்துக்குடி வரை கரையை ஒட்டியே 21 தீவுகள். குருசடை, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணி, வான் தீவு... அடடா, என்ன பெயர்கள்! கரைக்கும் தீவுக்கும் நடுவே கடல்புல் வெளி. ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம். தீவைச் சுற்றி, ஆழம் குறைந்த நீரில், பவளப்பாறை விளிம்பு கட்டியிருக்கிறது. கடல் பொங்கி வரும்போது முதல் அடியை வாங்குவது இந்த விளிம்புதான்.

கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பகலில் மான்கொம்புப் பவளம் அசையாத கல். இருட்டியதும் விளக்கடித்தால், ஐயோ, கல் முழுக்கக் குட்டிக் குட்டிக் கைகள்! துளைக்கொரு பூச்சி உள்ளிருந்து உணர்விழைகளை நீட்டி, மிதந்து வரும் இரையைப் பிடிக்கிறது. பகல் சாப்பாடு வேறு: அதன் சதைக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது. வீட்டு வாடகையைச் சோறாகவே கொடுக்கிற குடித்தனக்காரர்!

அதோ, கரகரவென்று சத்தம். கிளிமீன் பாறையைக் கடிக்கிறது. பாசியைத் தின்றுவிட்டுக் கல்லைப் பொடியாக்கி வெள்ளை மணலாக வெளியேற்றும். தீவுக் கரையின் வெள்ளை மணலில் பவளப் பொடியோடு இந்த எச்சமும் உண்டு. சுற்றுலாக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்!

உச்சக்காட்சி மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டி. சில மான்கொம்புப் பவளங்கள் ஒரே இரவில் சேர்ந்தாற்போல் முட்டைகளையும் விந்தணுக்களையும் நீரில் விடும். நாள்காட்டி இல்லாமலே எப்படித்தான் பேசிவைத்துக்கொள்கின்றனவோ!

கசப்பான பக்கமும் உண்டு. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தோம். அலையைத் தாங்க ஆளில்லாமல், அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு நீரில் முழுகிவிட்டன. வான் தீவும் சுருங்கியதால், கடல்பக்கம் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

1986 முதல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் தீவுகளில் கால் வைக்க முடியாது. கடைத்தெருவில் யாராவது பவளத்துண்டு நீட்டினால் வாங்காதீர்கள். வன உயிரினச் சட்டப்படி அது குற்றம்.