பொம்மருக்குப் பயந்த அம்மா விமானம் ஏறினார்

விமானச் சத்தம் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கவேண்டும். காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுக்கவேண்டும். சகடையின் இரைச்சல் வேறு, கிபிரின் இரைச்சல் வேறு, ஹெலியின் சத்தம் வேறு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவர். இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கும் இந்தப் பாடம் தெரிந்ததுதான். அந்த அம்மாவைத்தான் 2025 ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் விமானத்தில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிச் சென்றோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், அம்மா என்று நான்கு பேர். மூன்று வருடச் சீட்டுக்காசு அதற்குத்தான் போனது.

ஊர் பார்ப்பது எங்களுடைய நோக்கம். அம்மாவின் நோக்கம் வேறு. 1990 ஜூனில் பலாலியிலிருந்து எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, அம்மா இரண்டு வயதுப் பிள்ளையாக இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு மல்லாகத்துக்கு வந்தார். அவருடைய தங்கை, என் சின்னம்மா, மன்னாருக்குப் போய் அங்கிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாம், பிறகு கும்மிடிப்பூண்டி முகாம். முப்பத்தைந்து வருடம் அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் நேரில் காணவில்லை.

நாங்கள் ஏறியது கட்டுநாயக்காவில் அல்ல, பலாலியில். 2019 ஒக்ரோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்றுபோய், 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமானது. எங்களுக்கு வசதிதான். கொழும்புக்கு எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்து இடுப்பு ஒடியத் தேவையில்லை. ஆனால் அம்மாவின் காணி அந்த ஓடுபாதைக்குக் கிட்டத்தான் எங்கோ இருக்கிறது. இன்னும் விடுவிக்கப்படவில்லை. சொந்த ஊருக்குள் போவதற்கு அம்மாவுக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது என்று கணவர் பகிடியாகச் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கைக்குழந்தையானாலும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். இந்தியாவுக்கான மின்வீசாவை இந்திய அரசின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். தரகர்களிடம் காசைக் கொடுத்துவிட்டு அழுதவர்களை என் வேலையில் கண்டிருக்கிறேன். கையில் கொண்டுபோகும் பையில் கத்தி, கத்தரிக்கோல் வைக்கக்கூடாது. இதை அம்மாவிடம் சொன்னேன். பாக்குவெட்டியும் அதற்குள் அடங்கும் என்று சொல்ல மறந்துவிட்டேன். அம்மம்மா வைத்திருந்த பாக்குவெட்டி, நல்ல காலம், வாசலில் நின்ற தம்பியிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். சின்னம்மாவுக்கென்று கட்டிய பினாட்டும் ஒடியலும் மிளகாய்த்தூளும் பெரிய பெட்டிக்குள் பத்திரமாகப் போயின.

சோதனைகள் முடியும்வரை அம்மா தேசிய அடையாள அட்டையைக் கைக்குள் பிடித்தபடியே நின்றார். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. “உள்ளுக்கு வையுங்கோ அம்மா” என்றேன். “கேட்டா உடனே குடுக்கவேணும் பிள்ளை” என்றார். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். போரின் பின்விளைவுகள் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த அட்டையைப் பிடித்திருந்த விரல்கள் சொன்னதில் பாதியைக்கூட நான் எழுதவில்லை.

விமானம் சிறியது, விசிறி வைத்தது, எழுபது பேரளவில் இருக்கலாம். விசிறி சுழலத் தொடங்கியதும் அம்மா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. 1998 செப்டெம்பர் 29 அன்று இதே பலாலியில் இருந்து இரத்மலானைக்கு 55 பேருடன் கிளம்பிய விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்த கதை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. மகன்தான், “அம்மம்மா, மேல போனா காது அடைக்கும், எச்சில விழுங்குங்கோ” என்று வாத்தியார்போலச் சொல்லிக்கொடுத்தான்.

மேலெழுந்ததும் பயம் எங்கே போனதோ தெரியாது, அம்மா யன்னலோடு ஒட்டிக்கொண்டார். சிவப்பு மண், பனை, பற்றைக்காடு, கூரையில்லாத சுவர்கள். “கிணத்தடியில புளியமரம் நிண்டது, அதைக் கண்டா வளவைப் பிடிச்சிடுவன்” என்றார். தேடி முடியுமுன் கடல் வந்துவிட்டது.

ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மீனம்பாக்கம். மணிக்கூட்டை மாற்றவேண்டுமா என்று மகன் கேட்டான். தேவையில்லை, 2006 ஏப்ரலில் இருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். வன்னியில் ஒரு நேரம், கொழும்பில் ஒரு நேரம் என்று நாங்கள் ஒரே நாட்டுக்குள் வாழ்ந்த காலத்தை அவனுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

குடிவரவுப் பகுதியில் கைவிரல் அடையாளம் எடுக்கிறார்கள். அம்மாவின் விரல்களை இயந்திரம் ஏற்கவில்லை. வெங்காயமும் புகையிலையும் நட்டு, ஓலை பின்னித் தேய்ந்த விரல்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, நான்கு தடவை. அம்மாவின் முகம் வெளிறியது. தன்னைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றே நினைத்துவிட்டார். அந்த உத்தியோகத்தர் இளம்பிள்ளை. “பயப்படாதீங்க பாட்டி, கையைத் துடைச்சிட்டு அழுத்தி வைங்க” என்றாள். ஐந்தாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. சீருடை போட்ட ஒருவர் தன்னோடு தமிழில் அன்பாகக் கதைத்ததை அம்மா அன்றிரவு மூன்று தடவையாவது சொல்லியிருப்பார்.

வெளியே வந்ததும் முகத்தில் அடித்தது சூடும் சனமும். எந்தப் பக்கம் பார்த்தாலும் தமிழ் எழுத்து, பேசுகிற தமிழ்தான் விளங்கவில்லை. ஓட்டோக்காரர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, “கேரளாவா சார்?” என்றார். இலங்கை என்றதும் முகம் மாறி, வாடகையில் ஐம்பது ரூபா குறைத்தார். (குறைத்த பிறகும் கூடத்தான், நம்முடைய காசில் பெருக்கிப் பார்த்தேன்.) சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 இல் இருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த நாள் அப்படி ஒன்றில் ஏறியபோது, நடத்துநர் காசு வாங்காமல் ரிக்கற் தந்தார். வேலைக்குப் போகும் பெண்கள் நிரம்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பஸ்காசுக்குப் பயந்து பயிற்சி வகுப்பை விட்ட பெண்பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

சின்னம்மாவை மறந்துவிட்டேன் என்று எண்ணவேண்டாம். விமான நிலைய வாசலிலேயே நின்றார். முகாமுக்குள் வெளியாட்கள் நினைத்தபடி போய்த் தங்க முடியாது, அதனால் அவர்தான் வந்தார். அம்மா அவரைக் கடந்து நாலைந்து அடி போய்விட்டார். தேடியது இருபத்தைந்து வயதுத் தங்கையை. பின்னாலிருந்து “அக்கா” என்ற குரலுக்குத்தான் திரும்பினார்.

லொட்ஜ் அறையில் இருவரும் விடிய விடியக் கதைத்தார்கள். சின்னம்மாவின் தமிழ் பாதி சென்னை, பாதி பலாலி. இப்போது முகாமின் பெயர் மறுவாழ்வு முகாம். பெயர் 2021 இல் மாறியது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்த அவருடைய மகளுக்கு இன்றுவரை இந்தியக் குடியுரிமையும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. “நீ பிளேனில வாறாய், நான் வள்ளத்தில வந்தனான், ரெண்டு பேருக்கும் ஒரே கடல்தான்” என்று சிரித்தார் சின்னம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “புளியமரம் நிக்குதோ?” என்றார்.

“மேலயிருந்து தெரியேல்ல” என்றார் அம்மா.

“போகேக்க வடிவாப் பார்.”

திரும்பும்போது அம்மாவுக்கு யன்னல் ஆசனம் கிடைக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு தம்பியிடம் விசயத்தைச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் எழும்பி இடம் விட்டான்.