வகுப்புக்குத் தூக்கிச் செல்லும் தையல் யந்திரம்

நெசவாளர் இல்லங்களில் துண்டுத் துணிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை அளவாய் வெட்டி இணைத்து, அடியில் ஒரு துணியும் நடுவே பஞ்சும் விரித்து, மூன்றடுக்கையும் சேர்த்துத் தைத்தால் குயில்ட் என்னும் போர்வை ஆகிறது. இவ்வேலையைக் கற்பிக்கும் வகுப்புகளுக்குப் பெரும்பாலும் தத்தம் யந்திரத்தையே கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. சேமித்த பணத்தையோ சங்கத்தில் பெற்ற கடனையோ கொண்டு யந்திரம் வாங்கும் சகோதரி, தவறானதைத் தேர்ந்துவிட்டால், நான்காம் வாரமே வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுவார். கடன் தவணை மட்டும் நிற்காது. ஆகவே இதுபற்றிச் சிறிது விரிவாகவே எழுதுகிறோம்.

முதலாவது கனம். வீட்டில் நாம் அறிந்த கறுப்பு இரும்பு யந்திரத்தின் தலை மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல். உறுதியில் அதற்கு நிகரில்லை. ஆனால் பஸ் படியில் ஏற்றிப் பார்த்தவர்க்கே அதன் வருத்தம் தெரியும். அதற்கு நேர்மாறாக, விளையாட்டுச் சாமான் போன்ற சிறு யந்திரங்களும் கடைகளில் மலிவாய்க் கிடைக்கின்றன. இவை ஒற்றைத் துணியை ஒருவாறு தைக்கும். பஞ்சு வைத்த மூன்றடுக்கைக் கண்டதும் திணறி, மேஜைமேல் தாமே நகரத் தொடங்கும். ஐந்து முதல் ஏழு கிலோ வரை உள்ளதே தூக்கவும் தைக்கவும் ஏற்றது என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் குயில்ட் வேலை செய்வோர் இன்றும் தேடி வாங்கும் பழைய யந்திரம் ஒன்று உண்டு. சிங்கர் கம்பெனியார் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட 221 என்னும் ‘ஃபெதர்வெயிட்’ அது. அலுமினிய உடல், கனம் 11 ராத்தல், அதாவது சுமார் 5 கிலோ. நேர்த்தையல் ஒன்றே அதற்குத் தெரியும். வளைத்துத் தைக்கவோ பூ வேலை செய்யவோ தெரியாது. அதன் உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு ஆன பின்னும் மதிப்புக் குறையாததற்குக் காரணம், அந்த ஒரு தையலைப் பிசகாமல் போடுவதே. நூறு வகைத் தையல் என்று விளம்பரம் செய்யப்படும் யந்திரங்களைக் கண்டு மயங்கும் சகோதரிகள் இதனை எண்ணிப் பார்க்கலாம். அதுவும் குறையற்றதன்று. ஊசிக்கு வலப்புறம் ஆறங்குல இடமும் இல்லாததால், பெரிய போர்வையைச் சுருட்டி உள்ளே செலுத்துவது கடினம். அமெரிக்காவில் விற்பனையானவை அந்நாட்டின் 110 வோல்ட் மின்சாரத்துக்கு அமைந்தவையாதலால், நம் ஊர் மின்சாரத்தில் நேரே இணைத்தால் மோட்டார் கருகிவிடும்.

பிசகாமை என்றோமே, அது வெறும் அழகுக்காக அன்று. துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைப்பது குயில்ட் முறை. அக்கால் அங்குலம் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டதாகக் கொள்வோம். ஒவ்வொரு தையலும் இரு துண்டுகளிலும் அவ்வளவைத் தின்னுமாதலால், ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு குறையும். ஒன்பது துண்டுகளை எட்டுத் தையலால் இணைத்தால் வரிசை ஓர் அங்குலம் குட்டையாகும். அடுத்த வரிசையோடு அது பொருந்தவே பொருந்தாது. எனவே கால் அங்குல அளவுக்குத் தனிப் பாதம் அந்த யந்திரத்துக்குக் கிடைக்குமா என்று கேட்டறிய வேண்டும். மூன்றடுக்கையும் தைக்கும்போது மேல்துணி முன்னே தள்ளப்பட்டுச் சுருங்காதிருக்க, மேலிருந்தும் துணியை இழுக்கும் ‘வாக்கிங் ஃபுட்’ என்ற பாதமும் அவசியம்.

கைச்சக்கர யந்திரம் போதாதா என்று சிலர் கேட்கலாம். மின்சாரம் அற்ற இடத்தில் அது பேருதவி. ஆயினும் ஒரு கை சக்கரத்தில் இருக்க, மற்றொரு கையால் மட்டும் கனத்த போர்வையை நடத்துவது புதிதாய்க் கற்பவர்க்கு எளிதன்று.

கடைக்குச் செல்லும்போது அவர்கள் கொடுக்கும் கஞ்சியிட்ட துணியை நம்பாமல், நம் கைத்தறித் துணி இரண்டு துண்டும் நடுவே வைக்கப் பஞ்சும் எடுத்துச் செல்லுங்கள். துணியின் ஓரத்திலிருந்தே தையலைத் தொடங்குங்கள்; மட்டமான யந்திரம் அங்கேதான் துணியை உள்ளே விழுங்கும். மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பின்பு திருப்பி, அடிப்புறத் தையலைக் கவனியுங்கள். நூல் முடிச்சிட்டுத் தொங்கக் கூடாது. பாபின் மேற்புறமாகப் போடும் வகையாயிருந்து, மூடியும் கண்ணாடிபோல் தெளிவாயிருந்தால், நூல் தீருவதை முன்னரே காணலாம். கடைசியில் யந்திரத்தைக் கைப்பிடியால் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சங்கமே வகுப்பு நடத்துவதாயின், யந்திரங்கள் அனைத்தும் ஒரே மாதிரியாக இருப்பது நலம். ஒருவர் பாபின் மற்றவர்க்கு உதவும். பழுதுபார்ப்பவரும் ஒரே வகை உதிரிப் பாகங்களை வைத்துக்கொண்டால் போதும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, அஞ்ச வேண்டியது தையல் யந்திரங்களை அன்று. ஒவ்வொன்றும் நூறு வாட் அளவே கேட்கும். தையலை அமர்த்தித் தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி ஒன்றே ஆயிரம் வாட் இழுக்கும். அதற்குத் தனி இணைப்புப் போட்டபின் வகுப்பைத் தொடங்கலாம்.